கிழக்கே திரும்பிய எந்திரம்

1

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்குப் பொட்டு வாங்கும் சாமான்கள் வழக்கமாக இவைதான்: ரைஸ் குக்கர், மனைவியின் தையல் மிஷின், மகளின் சைக்கிள், கடைசியாக என் லேப்டாப். ஜப்பானில் நம் ஊர்ப் பொரி கிடைக்காது. குழந்தைகள் கொறிக்கிற இனிப்புப் பொரி ஒன்று பாக்கெட்டில் வரும். அதைத் தட்டில் கொட்டி வைத்துவிட்டு, சரஸ்வதி வெளிநாட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் சலுகை தருவாள் என்று நம்பிக்கொள்வோம்.

இந்த வருஷம் என் மனைவி மேகலா வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். லேப்டாப் பக்கத்தில் வந்ததும் குங்கும விரலை அந்தரத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"அதுக்கு வேண்டாம்" என்றேன்.

"அப்பா, லேப்டாப் என்ன தப்பு செஞ்சாங்க?" என்று கேட்டாள் இனியா. ஒன்பதாவது படிக்கிறாள். இங்கேயே பிறந்தவள். தமிழில் யாருக்கு மரியாதை கொடுப்பது என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. லேப்டாப் அவளுக்கு 'செஞ்சாங்க'. என்னைக் கூப்பிடும்போது 'இங்க வா'. திருத்தித் திருத்தி அலுத்துவிட்டேன்.

லேப்டாப் ஒரு தப்பும் செய்யவில்லை. அதற்குள் வந்து உட்கார்ந்திருந்த ஒரு மேடைப் பேச்சுதான் என் வயிற்றெரிச்சல். பூஜைக்கு மூன்று நாள் முன்பு எங்கள் பிரிவுத் தலைவர் அனுப்பியிருந்தார். கம்பெனி விழுப்புரத்துக்கு வெளியே இரண்டாவது ஆலை கட்டப்போகிறது. அடிக்கல் நாட்டு விழாவில் கம்பெனித் தலைவர் பேசுவதை நான் தமிழில் சொல்ல வேண்டும். 'திண்டிவனத்தில் பேசிய அதே பேச்சுதான், உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும்' என்று கீழே ஒரு வரி எழுதியிருந்தார்.

மனப்பாடமாகத்தான் இருக்கிறது. அதுதான் பிரச்சினை.

2

நான் இருப்பது நகோயாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் உள்ள சின்ன ஊர். காலையில் குப்பையைப் பிரிக்க வேண்டும்: எரிவது, எரியாதது, பாட்டில், பாட்டிலின் மூடி. தப்பான நாளில் தப்பான பையை வைத்துவிட்டால் பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு வார்த்தை திட்டமாட்டார். பையைத் திரும்ப நம் வாசலில் கொண்டுவந்து வைத்து, குனிந்து வணங்கிவிட்டுப் போவார். நம் ஊர்ச் சண்டையே தேவலை. எட்டு மணிக்குக் கம்பெனி முற்றத்தில் ஒலிபெருக்கியில் பியானோ வாசிக்க, எல்லாரும் கையைத் தூக்கி உடற்பயிற்சி செய்வோம். அப்புறம் வேலை. வந்த புதிதில் அம்மாவிடம் போனில் பேசும்போது 'ம்' கொட்டுவதற்குப் பதில் இவர்கள் மாதிரி 'ஹை, ஹை' என்று சொல்லிவிடுவேன். "இன்னாடா சின்னப் புள்ள மாரி ஹை ஹைன்னுக்கினு" என்பார் அம்மா.

எங்கள் கம்பெனி வண்டிகளுக்கான பிளாஸ்டிக் பாகங்கள் செய்கிறது. பாகம் செய்வது பெரிய வித்தை இல்லை. அதற்கான மோல்டு செய்வதுதான் வித்தை. கொழுக்கட்டை அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சு கையில் இருந்தால் மாவை யார் வேண்டுமானாலும் அமுக்கலாம். அச்சைச் செதுக்குகிறவன்தான் தொழில்காரன். எஃகுக் கட்டியிலிருந்து அந்த மோல்டைக் குடைந்தெடுக்கும் எந்திரம் ஒரு சின்ன அறை அளவு இருக்கும்.

கம்பெனி வரவேற்பறையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய கடைசல் எந்திரம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். கம்பெனியை ஆரம்பித்தவர் அந்தக் காலத்தில் மேல்நாட்டிலிருந்து கடன் வாங்கித் தருவித்த லேத். வந்து இறங்கியதும் அதை ஓட்டவில்லையாம். தம்பிகளோடு உட்கார்ந்து கடைசி ஆணிவரை கழற்றி, ஒவ்வொன்றையும் அளந்து வரைந்துகொண்டு, திரும்பப் பூட்டியிருக்கிறார். அடுத்த வருஷமே அதே மாதிரி இன்னொன்று அவர் பட்டறையில் ஓடியது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் இந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். உண்மையைச் சொன்னால், அந்தக் கதையைக் கேட்டுத்தான் எனக்கு இந்தக் கம்பெனிமேல் ஆசை வந்தது. 'கீழே இருந்து மேலே வந்தவர்கள், நம் பசி இவர்களுக்குத் தெரியும்' என்று நினைத்தேன்.

3

ஏழுமலையும் நானும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். அவனுக்குத் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் கிராமம், எனக்கு டவுன். படிப்பில் நான் முன்னே, கையில் அவன் முன்னே. படித்து முடித்ததும் அவன் ஓசூரில் மோல்டு செய்கிற ஒரு பெரிய டூல்ரூமில் சேர்ந்தான். நான் சென்னை, பெங்களூர் என்று சுற்றி, ஜப்பானிய மொழி படித்து, இங்கே வந்துவிட்டேன். அவன் ஓசூரில் படிப்படியாக மேலே போய், மோல்டு வரைகிற இடத்துக்கு வந்திருந்தான். அவனுக்கு மேலே இரண்டே பேர். சொந்தமாக மனை வாங்கிவிட்டான். மனைவி தனலட்சுமி அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

அப்போதுதான் எங்கள் கம்பெனி திண்டிவனத்துக்கு வந்தது. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் கேப்பையும் விளைந்த மேட்டுக் கொல்லைகளைத் தொழிற்பேட்டை ஆக்கியிருந்தார்கள். நிலம் சலுகை, மின்சாரம் சலுகை, வாசல்வரை ரோடு. ஊர்க்காரர்கள் முணுமுணுத்தார்கள்தான். ஆனால் எங்கள் ஆட்கள் மற்ற கம்பெனிகள் சொல்லாத ஒன்றைச் சொன்னார்கள். அதை மேடையில் சொன்னது நான்.

விழா நாள் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், வெயில். முன்வரிசையில் அதிகாரிகள், பின்னால் நிலம் கொடுத்த குடும்பங்கள், அதற்கும் பின்னால் வேலை கேட்டு வந்த பிள்ளைகள். எங்கள் தலைவர் தாளைப் பார்க்காமல் பேசினார். நான் மைக்கைப் பிடித்துத் தமிழில் சொன்னேன்: "நாங்கள் உங்கள் உழைப்பை மட்டும் வாங்க வரவில்லை. ஐந்து ஆண்டுகளில் மோல்டு வடிவமைப்பு முழுவதும் உங்கள் கைக்கு வந்துசேரும். இங்கே வரைவீர்கள், இங்கே வெட்டுவீர்கள்." சொல்லும்போது எனக்குத் தொண்டை கமறியது. அப்பாவுக்குக் காய்கறி மண்டியில் மூட்டை தூக்குகிற வேலை. அவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கைத்தட்டல் தலைவருக்குத்தான் என்றாலும் பாதி எனக்கும் வந்தது. பொய் சொல்லவில்லை, நெஞ்சு நிமிர்ந்துதான் நின்றேன்.

அன்று சாயங்காலம் ஏழுமலைக்குப் போன் செய்தேன்.

"வாடா. சொந்த ஊர்ல டிசைன் பண்ணலாம்."

"எல்லாரும் இப்டித்தான்டா சொல்றானுங்க. வந்ததும் பெட்டி பிரிக்கிற வேல குடுப்பானுங்க."

"இவங்க அப்படி இல்ல. நான் உள்ள இருக்கேன்ல?"

"நீ சொல்றியா?" என்றான். "சொல்றேன்" என்றேன். ஓசூர் வேலையை விட்டுவிட்டு வந்தான். தனலட்சுமி தன் வேலையையும் விட்டுவிட்டு வந்தாள்.

4

முதல் வருஷமே ஏழுமலையைப் பயிற்சிக்கு இங்கே அனுப்பினார்கள். குளிர்காலம். எங்கள் வீட்டில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாடு. குப்பை பிரிக்கும் சட்டத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு மூடிக்கு இவ்ளோ பேஜாரா?" என்று சிரித்தான்.

புத்தாண்டுக்கு முந்தின நாள் ஆலைக்குள் போனவன் அப்படியே நின்றுவிட்டான். ஒவ்வொரு எந்திரத்தின் மேலேயும் அரிசி மாவில் பிடித்த இரண்டு வெள்ளை உருண்டைகள், ஒன்றின்மேல் ஒன்று. உச்சியில் ஒரு சின்ன ஆரஞ்சுப் பழம். வருஷம் முழுக்க உழைத்த எந்திரத்துக்கு இவர்கள் வைக்கும் படையல் அது. எந்திரத்தைத் துடைத்து, அன்று ஓட்டாமல் ஓய்வு கொடுப்பார்கள்.

"டேய் தணிகா, இவனுங்களும் நம்ம ஆளுங்கதான்டா!" என்று என் முதுகில் ஓங்கி அடித்தான். வரவேற்பறை லேத்தின் கதையையும் அன்றுதான் அவனுக்குச் சொன்னேன். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் கையெடுத்துக் கும்பிட்டான். எங்கள் பிரிவில் இருக்கும் மோரி என்பவர் அதைப் பார்த்து நெகிழ்ந்துபோய் எங்கள் இருவரையும் அங்கேயே நிற்கவைத்துப் படம் எடுத்தார். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதற்கடுத்த வருஷங்களில் திண்டிவனம் ஆலை நன்றாக ஓடியது. குறை சொல்ல மாட்டேன். கம்பெனி பஸ் கிராமம் கிராமமாக வந்து பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிற்று. வீடுகளுக்கு ஓடு போய் மாடி வந்தது. ஆனால் மோல்டு எல்லாம் ஜப்பானிலிருந்து பெட்டியில்தான் வந்தது. தேய்ந்தால் சரிசெய்வது ஏழுமலையின் கோஷ்டி. அவன் ஒவ்வொரு முறையும் கேட்பான், நான் இங்கே கேட்பேன், இவர்கள் 'நல்லபடியாகப் பரிசீலிக்கிறோம்' என்பார்கள். ஒருவழியாக நாலாவது வருஷக் கடைசியில் மோல்டு குடையும் எந்திரம் ஒன்று திண்டிவனத்துக்குப் போயிற்று. ஏழுமலை வீடியோவில் அதை நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிக் காட்டினான்.

5

போன வருஷம் ஆயுத பூஜை. ஐந்து வருஷம் முடிந்திருந்த சமயம்.

ஏழுமலை தானே ஒரு மோல்டு வரைந்திருந்தான். கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் வரும் சின்ன மூடிக்கானது. வரைபடத்தைத் தலைமையகத்துக்கு அனுப்பி, 'பயிற்சிக்காக வெட்டிப் பார்க்கலாம்' என்று அனுமதியும் வாங்கிவிட்டான். விஜயதசமியன்று முதல் வெட்டு. புதுக் காரியம் தொடங்க அதைவிட நல்ல நாள் ஏது?

ஒரே ஒரு உறுத்தல். எந்திரத்தை நிறுவ வந்தவர்கள் அதன் முகத்தைத் தெற்கே பார்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தெற்கு எமனுடைய திசை. வந்த மூன்றாவது வாரமே பூபதி என்பவனுக்குக் கை நசுங்கியது. "மொதல்ல மொகத்த மாத்து, அப்பறம் வேலய ஆரம்பி" என்று கோஷ்டியில் எல்லாரும் சொன்னார்கள். ஏழுமலை அப்படியொன்றும் சகுனம் பார்க்கிறவன் இல்லை. ஆனாலும் முதல் காரியம், முழு மனதோடு நடக்கட்டும் என்று நினைத்தான். உள்ளூர் மேனேஜரிடம் கேட்டான். அவர் போனைப் பார்த்தபடியே தலையை ஆட்டினார். பிற்பாடு தான் தலையே ஆட்டவில்லை என்று சொல்லிவிட்டார்.

ஆயுத பூஜையன்று ஆலை ஓடாது. ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் உருளை கொடுத்து, பத்துப் பேர் சேர்ந்து அந்த யானையை அங்குலம் அங்குலமாகக் கிழக்கே திருப்பினார்கள். மட்டம் பார்த்து இறக்கினார்கள். சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, பூசணிக்காய் எல்லாம் ஆயிற்று. மாலை போட்ட எந்திரத்தோடு நின்று எனக்குப் படம் அனுப்பினான். நானும் மோரியிடம் காட்டி மகிழ்ந்தேன்.

மறுநாள் காலை போட்டார்கள். எந்திரம் எழுந்திருக்கவில்லை. திரையில் சிவப்பாக ஒரு வரி வந்து நின்றது. அந்த வகை எந்திரங்களுக்குள் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. வைத்த இடத்திலிருந்து அசைத்தால் அது பூட்டிக்கொள்ளும். செய்த கம்பெனியிடமிருந்து எண் ஒன்று வந்தால்தான் திறக்கும். வேறு நாட்டுக்கு விற்றுவிடக் கூடாது, ஆயுதம் செய்யக் கூடாது என்பதற்காக இவர்கள் அரசாங்கம் வைத்த சட்டம். ஜப்பானில் எந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குத் தெரியும். திண்டிவனத்தில் யாருக்கும் சொல்லவில்லை.

"தணிகா, ஜல்தியா அந்த நம்பர வாங்கி அனுப்புடா. பத்தரைக்குள்ள நல்ல நேரம் முடியுது" என்றான் ஏழுமலை. அவ்வளவுதான் சங்கதி என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். நானும்தான்.

6

எந்திரம் செய்த கம்பெனி ஒரு விண்ணப்பம் கேட்டது. இடம் மாற்றியதற்குக் காரணம் என்ன? தீ, வெள்ளம், நிலநடுக்கம், விற்பனை, ஆலை மாற்றம். பக்கத்தில் கட்டங்கள், ஒன்றில் டிக் போட வேண்டும். கிழக்கு என்று ஒரு கட்டம் இல்லை. நான் 'இதர' என்பதில் டிக் போட்டு, 'வழிபாட்டுக்காகத் திசை மாற்றப்பட்டது' என்று எழுதினேன். மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். எங்கே நகர்த்தினீர்கள், எத்தனை நாள், கூட இருந்த வெளியாட்கள் யார் என்று கேட்டார்கள். 'அங்கேயே இருக்கிறது, திரும்பி மட்டும் நிற்கிறது' என்று நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

பிறகு எங்கள் கம்பெனியிலேயே கூட்டம் போட்டார்கள். பிரிவுத் தலைவர் மெதுவாகக் கேட்டார்: "அந்தக் குழு எந்திரத்தைப் பிரித்துப் பார்க்க நினைத்ததா?"

புத்தாண்டுப் படையலைச் சொன்னேன். நீங்கள் மாவு உருண்டை வைக்கிறீர்கள், அவர்கள் மாலை போட்டார்கள், இரண்டும் ஒன்றுதான் என்றேன். எல்லாரும் மரியாதையாகத் தலையசைத்தார்கள். "ஆனால் நாங்கள் எந்திரத்தை நகர்த்துவதில்லையே" என்றார் ஒருவர்.

வரவேற்பறைக்கு வந்து அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றேன். கடைசி ஆணிவரை கழற்றியவரின் படம் சிரித்துக்கொண்டிருந்தது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அவர்கள் கழற்றியது வரலாறு. நாங்கள் திருப்பியது களவு.

மோரி பின்னாலேயே வந்தார். காப்பி மிஷினில் இரண்டு டின் எடுத்து ஒன்றை என் கையில் வைத்தார். நல்ல மனிதர். இனியாவுக்கு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் புத்தகம் கொடுப்பவர்.

"தணிகை, அந்த எண் வந்துவிடும், கவலைப்படாதே. ஆனால் வடிவமைப்பு வேலை அங்கே போகாது."

"இந்தச் சம்பவத்தாலா?"

அவர் டின்னைத் திறக்காமல் உருட்டிக்கொண்டிருந்தார். "இல்லை. அது எப்போதுமே போவதாக இல்லை. அந்த எந்திரமும் தேய்ந்த மோல்டைப் பழுது பார்க்கத்தான் அனுப்பியது. அச்சைக் கொடுத்துவிட்டால் நமக்கு என்ன மிச்சம்? ஆரம்பத்திலிருந்தே எல்லாருக்கும் தெரியும்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னார்: "உனக்கும் தெரியும் என்றுதான் நினைத்தோம்."

என்னை ஏமாற்றியவர்கள் ஏமாற்றுகிறோம் என்றுகூட நினைக்கவில்லை. மேடையில் பேசுவது அந்த நாட்டுக்குக் கொடுக்கும் விழாச் சாப்பாடு, அதைப் போய் எவனாவது நிஜமென்று நம்புவானா என்று நினைத்திருக்கிறார்கள். என்னையும் அவர்களில் ஒருத்தன் என்று நினைத்து, என்னிடம் அதைச் சொல்லக்கூட இல்லை. இத்தனை வருஷம் கூடக் கையைத் தூக்கி உடற்பயிற்சி செய்ததற்கு எனக்குக் கிடைத்த மரியாதை அது. அன்று ரயிலில் உட்கார்ந்து அழுதேன். இந்த ஊர் ரயிலில் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

7

எண் ஒரு மாதம் கழித்து வந்தது. கூடவே நிபந்தனை: எந்திரத்தை மறுபடியும் தெற்கே திருப்பி, தரையோடு ஆணி அடிக்க வேண்டும். ஏழுமலையின் கோஷ்டியே அதைத் திருப்பியது. மாலையின் நார் இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்ததாம். வெட்டும் அனுமதியை நிறுத்திவைத்தார்கள். மோரி சொன்னதை நான் ஏழுமலையிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்று வார்த்தை தேடிக்கொண்டே இருந்தேன்.

நான் சொல்வதற்குள் பெட்டி போய்ச் சேர்ந்துவிட்டது. தை மாதம் கப்பலில் வந்த மோல்டுகளில் ஒன்று, கதவுக் கைப்பிடி மூடிக்கானது. பெட்டியைத் திறந்ததும் ஏழுமலைக்குத் தெரிந்துவிட்டது. பிளாஸ்டிக் ஒட்டாமல் கழன்று வர ஒரு மூலையில் அவன் தன் யோசனையாக ஒரு சரிவு வைத்திருந்தான். அதே சரிவு, அதே மூலை. அவன் வரைந்தது ஜப்பானில் வெட்டப்பட்டு, ஜப்பான் முத்திரையோடு அவன் கையிலேயே வந்து இறங்கியிருந்தது.

அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தான். பஸ் ஸ்டாண்டிலிருந்து எனக்குப் போன் செய்தான். பின்னால் 'விழுப்புரம், விழுப்புரம்' என்று கண்டக்டர் கத்துவது கேட்டது.

"உனுக்குத் தெரியுமா?"

"எனக்கும் அப்புறம்தான்டா தெரியும். என்னையும்தான் ஏமாத்தினாங்க. தலைவர் மேடையில..."

"அந்தாளு இன்னா சொன்னான்னு எனுக்கு எப்டித் தெரியும்? அவன் ஜப்பான் பாஷைல பேசினான். எனுக்கு ஒரு எழுத்து தெரியாது. தமிழ்ல சொன்னது யாரு?"

"நான்தான்" என்றேன்.

"நான் அவன நம்பி வரலடா. உன்ன நம்பி வந்தேன்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவன் என் போனை எடுக்கவில்லை. சித்திரைப் பிறப்புக்கு வரும் வாழ்த்தும் நின்றுபோயிற்று. கடன் வாங்கி, திண்டிவனத்திலேயே ஒரு பழைய லேத் போட்டு, மல்லாட்டை உடைக்கிற மிஷினுக்குப் பாகம் கடைந்து கொடுக்கிறான் என்று என் அம்மா மூலமாகத்தான் தெரிந்தது. தனலட்சுமிக்கு ஓசூரில் இருந்த மாதிரி வேலை மறுபடி அமையவில்லை. வீட்டில் டியூஷன் எடுக்கிறாளாம்.

8

இதெல்லாம் ஆகி, இப்போது விழுப்புரம்.

பூஜை முடிந்த மறுநாள் பிரிவுத் தலைவரிடம் போய், "என்னால் இந்தப் பேச்சை மொழிபெயர்க்க முடியாது" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக இந்த ஊரில் 'முடியாது' என்று நேராகச் சொன்னேன். கோபிப்பார், காரணம் கேட்பார் என்று நினைத்து, இரண்டு நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று பதில் தயார் செய்திருந்தேன். லேத்தைப் பற்றி, சரிவைப் பற்றி, அப்பா உட்கார்ந்திருந்த மூன்றாவது வரிசையைப் பற்றியெல்லாம் சொல்ல இருந்தேன்.

அவர் காரணமே கேட்கவில்லை. "சிரமப்பட வேண்டாம், தணிகை. இப்போதுதான் செயலி இருக்கிறதே" என்று போனை எடுத்துக் காட்டினார். "தமிழும் நன்றாகவே பேசுகிறது." குனிந்து, இத்தனை நாள் உழைத்ததற்கு நன்றி வேறு சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தச் செயலியை நானும் இறக்கிப் பார்த்தேன். பேச்சின் ஜப்பானிய வரியைப் போட்டேன். ஒரு பெண் குரல், தேன் மாதிரி, கொஞ்சமும் தடுக்காமல் சொன்னது: "ஐந்து ஆண்டுகளில் மோல்டு வடிவமைப்பு முழுவதும் உங்கள் கைக்கு வந்துசேரும்." ஒரு வார்த்தைகூட என்னுடையதிலிருந்து மாறவில்லை. தொண்டை மட்டும் கமறவில்லை.

இனியா எட்டிப் பார்த்தாள். "அப்பா, இவங்க தமிழ் உன்னைவிட அழகா இருக்கு" என்றாள்.

கை தானாக ஏழுமலையின் எண்ணை அழுத்தியது. எடுக்கமாட்டான் என்று தெரிந்தே அழுத்தினேன். எடுத்துவிட்டான். லேத் ஓடும் சத்தம் கேட்டது.

"இன்னா?"

எனக்கு வேறு எதுவும் வரவில்லை. "விழுப்புரத்துல இன்னொரு ஆலை போடறாங்க. இதைக் கேளு" என்று சொல்லி, போனுக்குப் பக்கத்தில் செயலியை மறுபடி ஓட விட்டேன். அந்தப் பெண் மறுபடி அதையே சொன்னாள். ஏழுமலை லேத்தை நிறுத்தினான்.

"யாருடா அந்தப் பொண்ணு?"

"பொண்ணு இல்ல. மிஷின்."

"நீ போவலியா?"

"முடியாதுன்னுட்டேன். அவங்களுக்கு நான் தேவையும் இல்ல."

நான் செயலியை அணைத்தேன்.

"நல்லாத்தான் பேசுது" என்றான். "ஆனா ஒண்ணு சொல்றேன். அன்னிக்கி இந்த மிஷின் பேசியிருந்தா நான் ஓசூர வுட்டு வந்திருக்கவே மாட்டேன். நீ பேசின. அதான் வந்தேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"சரி வுடு" என்றான் அவனே. "விழுப்புரத்துல மேடை போடுவானுங்க, நாற்காலி போடுவானுங்க, ஆளுக்கொரு ஜூஸும் குடுப்பானுங்க. குடிக்கட்டும். கை தட்டறதுக்கு முன்னாடி எவனாச்சும் ஒருத்தன் எழுந்து ஒண்ணே ஒண்ணு கேட்டா போதும். இந்த மிஷின நாங்க கெழக்கால திருப்பி வெச்சிக்கினா ஓடுமா, ஓடாதா?"

லேத் மறுபடி ஓட ஆரம்பித்தது. போன் அணைந்தது.

விழுப்புரத்துக்காரர்களே, அந்த மேடையில் என் குரல் இருக்காது. அதைவிட இனிமையான குரல் இருக்கும். நீங்கள் தமிழில் கேட்டால் அது அவர்கள் மொழியில் பிசகில்லாமல் சொல்லும். ஏழுமலையின் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.